நாலணா அளவு முட்டை தெரியணும் மாப்ள

வா மாப்ள, வெயில் ஏறுறதுக்கு முன்ன வந்துட்டியே, நல்ல சகுனம்தான். திண்ணையில உக்காரு. பேரனையும் கூட்டியாந்திருக்க. அவன் ஏன் வேப்பமரத்தடியில நின்னு போன நோண்டிக்கிட்டிருக்கான்? நிக்கட்டும் விடு. கல்யாணம் பேசறப்ப மாப்பிள்ளைப் பையன் கொஞ்சம் தள்ளி நிக்கிறதுதான் நம்ம வழக்கம். காலேஜ் பாக்கறதும் கிட்டத்தட்ட அதே காரியம்தானே.

கட்டப்பையில என்ன இம்புட்டு காயிதம்? கொண்டா பாப்போம். அடேயப்பா, பளபளன்னு புஸ்தகம். கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, புல்வெளியில நாலு புள்ளைங்க ஒரே மடிக்கணினியப் பாத்துச் சிரிக்குது. எந்தக் காலேஜ் புஸ்தகத்தத் தொறந்தாலும் இதே நாலு பேருதான் சிரிக்கிறாங்க மாப்ள. எந்தக் காலேஜ்லதான் சேந்தாங்களோ, பாவம்.

நீ எதுக்கும் குழம்பாத, நான் ஒரு வழி சொல்றேன். கும்பகோணத்துலேருந்து தஞ்சாவூர் ரோட்டுல மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போ. வழிநெடுக தட்டி வச்சிருக்கான். எந்தத் தட்டி பெருசோ, எந்தத் தட்டியில கோட்டுப் போட்ட தாளாளர் நல்லா கைகட்டி நிக்கிறாரோ, அந்தக் காலேஜ்ல புள்ளயச் சேத்துடு. சம்பளம் எத்தனை லட்சம்னு தட்டியிலயே போட்டிருப்பான். அந்தச் சம்பளம் ஒரே ஒரு புள்ளைக்குக் கெடைச்சுதா, முன்னூறு புள்ளைக்குமான்னு மட்டும் கேட்டுடாத. கேட்டா தட்டி சாஞ்சு நம்ம மேலயே விழும்.

சிரிக்கிறியா? சிரி. ஆனா வாய்க்கா ஓரத்து மூணு மா வயலுக்கு நீ அச்சாரம் வாங்கிட்டேன்னு எந் தங்கச்சி வந்து அழுதுட்டுப் போனா. அதுக்குச் சிரிப்பு வரல எனக்கு. அந்த மூணு மாவுலதான் உங்கப்பாரு கடைமடைக்குத் தண்ணி வராத வருஷத்துலகூட ஒரு போகம் எடுத்தாரு. அந்த அச்சாரத்த வச்சு, மார்ச் மாசமே, பய கடைசிப் பரீட்சை எழுதறதுக்கு முன்னாடியே, நிர்வாக ஒதுக்கீட்டுல ஒரு சீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கியாமே? கதிர் பால் புடிக்கறதுக்கு முன்ன நெல்லுக்கு விலை பேசினவன் எவனையும் நான் பாத்ததில்ல. நீ பேசிட்ட. வீட்டு வாசல்ல ஏசி கார் வந்து நின்னுச்சாம், ஒருத்தர் பழத்தட்டோட எறங்கினாராம். எனக்குத் தெரிஞ்சு நம்ம குடும்பத்துல பழத்தட்டோட வந்த ஆளுங்க எல்லாரும் எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்காங்க.

அவரு கேட்டது நன்கொடையாம். கோயிலுக்கு நன்கொடை குடுத்தா ராசராசன் காலத்துலேருந்து கல்லுல பேரு வெட்டுறான். ரெண்டு ஆடு குடுத்தவன் பேருகூட ஆயிரம் வருஷமா நிக்குது. இவன் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தந்தானா? தரமாட்டான். தந்தா மாட்டிக்குவான். கட்டணத்துக்கு மேல இப்படி வாங்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1992லயே சட்டம் போட்டாச்சு. சட்டத்துக்கு வயசு முப்பதத் தாண்டிருச்சு, இன்னும் வேலைக்குப் போகல, அம்புட்டுதான்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. போன தாளடிக்கு விதை வாங்கினியே, எப்படி வாங்கினே? பக்கத்து வயக்காரன்கிட்ட கேட்டே. மேலத் தெருவுல போன வருஷம் அதையே போட்டவன்கிட்ட, தூர் எத்தனை கட்டுச்சு, குலைநோய் வந்துச்சா, சாஞ்சுதான்னு கேட்டே. அதுவும் பத்தாம பஸ் ஏறி ஆடுதுறைக்குப் போனே. 1922லேருந்து நெல்லையே ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கிற எடம், அங்க போயி ஒரு நாளு பூரா நின்னே. எதுக்கு? மூணு மா வயலுக்கு, அஞ்சு மாசத்துக்கு. புள்ளைக்கு நாலு வருசம். அந்தக் காலேஜ்ல போன வருஷம் படிச்ச ஒரு புள்ளயத் தேடிப் பேசினியா? கார்ல வந்தவரு பேசினாரு, பேசினாரு... சரி. விதை விக்கிறவன் என்னிக்கு மாப்ள தன் விதை மொளைக்காதுன்னு சொல்லியிருக்கான்?

மார்க்கச் சொல்லு. கணக்கு 88, இயற்பியல் 82, வேதியியல் 84. கணக்க அப்படியே வச்சுக்க, மத்த ரெண்டயும் பாதியாக்கு. 88, 41, 42. இருநூத்துக்கு 171. இது ஒண்ணும் பதரில்ல. நீ என்னமோ புள்ள ஊர விட்டு ஓடணும்ங்கற மாதிரி மூஞ்ச வச்சிருக்க. இந்தக் கட்-ஆப்புக்கு, நம்ம சமூகத்துக்கு, போன வருஷம் எந்தக் காலேஜ்ல எந்தப் பிரிவு கெடைச்சுதுன்னு பொறியியல் சேர்க்கைக்காரன் இணையத்துல புட்டுப் புட்டு வச்சிருக்கான். எந்தக் காலேஜ்ல எத்தனை பேரு பருவத் தேர்வுல தேறினாங்கன்னு அண்ணா பல்கலைக்கழகம் பட்டியலே போடுது. ஆனா அதெல்லாம் படம் இல்லாத காயிதம். புல்வெளி இல்ல, சிரிப்பு இல்ல. யாரு பாப்பா?

ரெண்டு பேரு ஒரே கட்-ஆப்புன்னா என்ன பண்றான்னு கேட்டுக்க, இது எனக்குப் புடிச்ச சங்கதி. மொதல்ல கணக்கு மார்க்கப் பாக்கறான், அப்புறம் இயற்பியல். எல்லாம் சமமா வந்து நின்னா, முன்னாடி பொறந்தவனுக்கு முன்னுரிமை. நாட்டுல வயசுக்கு மரியாதை மிச்சமிருக்கிற ஒரே எடம் அதுதான். பொறந்த தேதியும் ஒண்ணா இருந்தாத்தான் அந்தப் பத்து எலக்கச் சமவாய்ப்பு எண்ணு. அந்த எண்ணு வெளியான அன்னிக்கு உம் மச்சான் அதைக் கொண்டுபோயி சோசியர்கிட்டக் காட்டினான். கூட்டுத்தொகை எட்டு, ஆகாதுன்னுட்டாராம்.

எங்கதைய ஒருதரம் சொல்றேன், அப்புறம் நீ உன்னிஷ்டம்.

2003. எம்மவனுக்குக் கிண்டியில கவுன்சிலிங். அப்ப நுழைவுத் தேர்வும் உண்டு, நேர்லயும் போகணும். கும்பகோணத்துல ராத்திரி பஸ் ஏறி, டிடிய வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு, விடிய விடிய முழிச்சிருந்து போயி எறங்கினோம். அண்ணா பல்கலைக்கழக வாசல்ல திருவிழாக் கூட்டம். வெளிய ஆளாளுக்கு நோட்டீஸ் திணிக்கிறான். உள்ள பெரிய திரையில எந்தக் காலேஜ்ல எத்தனை எடம் காலின்னு ஓடுது. ஒவ்வொருத்தன் உள்ள போகப் போக எண்ணு கொறையுது. மடையில தண்ணி வடியற மாதிரி பாத்துக்கிட்டே நிக்கணும். எங்க முறை வந்துச்சு. கம்ப்யூட்டர் முன்னால ஒரு பொண்ணு, எதுன்னு கேட்டா. பய என்னப் பாத்தான். நான் நோட்டீசப் பாத்தேன். ஒண்ணுல அழகா நீரூத்துப் படம். டெல்டாக்காரனுக்குத் தண்ணியக் கண்டா புத்தி நிக்காது. அதையே சொல்லிட்டேன். மெக்கானிக்கல்.

சேக்கப் போன அன்னிக்குப் பாத்தா நீரூத்து இருக்கு, தண்ணி இல்ல. அந்த வருஷம் காவிரியிலயே தண்ணி இல்ல, மேட்டூரையே நேரத்துக்குத் தொறக்கல, அதனால நானும் வாயத் தொறக்கல. பட்டறையில மிசினெல்லாம் புதுசா மின்னுச்சு. சந்தோசமா வந்தேன். நாலு வருசம் கழிச்சும் அதே மாதிரி புதுசாத்தான் மின்னுச்சாம். ஆய்வுக்கு ஆளு வர்ற அன்னிக்கு மட்டும் பிளாஸ்டிக் உறைய எடுப்பாங்களாம். எம்மவன் லேத்து மிசினத் தொட்டது ஆயுதபூசைக்குப் பொட்டு வைக்கத்தான். காலேஜ் பேரு எதுக்கு இப்ப. அவன் இப்ப சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்கறான், நல்லாத்தான் இருக்கான், அது அவன் ராத்திரி கண்ணு முழிச்சுத் தானா கத்துக்கிட்டது. ஆனா அந்தக் காலேஜ் தட்டியில அவன் போட்டோவயும் போட்டிருக்கானாம். வயல்ல தானா மொளைச்ச கீரைக்கும் குத்தகை கேக்கற பண்ணையார் கணக்கா.

வாத்தியாரு யாருன்னு கேட்டியா? கார்ல வந்தவரு, எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்கன்னாரா? இருக்கும். 2024ல அறப்போர் இயக்கத்துக்காரங்க ஒரு சங்கதிய வெளிய கொண்டாந்தாங்க. ஒரே வாத்தியாரு ஒரே சமயத்துல ரெண்டு மூணு இன்ஜினியரிங் காலேஜ்ல முழுநேர வேலை பாக்கறதா கணக்கு, அந்த மாதிரி நூத்துக்கணக்கான பேரு. இதுல என்ன அதிசயம்ங்கறேன்? நம்ம பக்கம் ஒரே குருக்கள் நாலு கோயிலப் பாக்கலியா? சைக்கிள எடுத்துக்கிட்டு இந்த ஊர்ல காலசந்தி, அந்த ஊர்ல உச்சிக்காலம்னு பாவம் வேர்க்க விறுவிறுக்க ஓடுறாரு. அவரு நேர்ல போயி ஒரு வெளக்காவது ஏத்திட்டு வர்றாரு. இங்க காயிதம் மட்டும் போயிட்டு வந்திருக்கு.

சான்றிதழெல்லாம் சரியா இருக்கா? சாதிச் சான்று, வருமானச் சான்று. எட்டாப்புலேருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுலதான் படிச்சான், அதனால இருப்பிடச் சான்றுக்கு அலைய வேணாம். முதல் பட்டதாரி சான்று வாங்கிட்டியா? அட, அதுக்கு வெக்கப்படறியா! குடும்பத்துல தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பொறந்தது, யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அப்பத்தான் கட்டணத்துல சலுகை. நீ நம்ம அரசு ஆடவர் கல்லூரியில பி.ஏ. சேந்து, மூணு வருசம் காவிரிப் பாலத்துல காத்து வாங்கி, ஏழு அரியரோட திரும்பி வந்தப்ப உங்கப்பாரு உன்னை அடிக்கக் கை ஓங்கினாரே, ஞாபகம் இருக்கா? நாந்தான் குறுக்க வந்து தடுத்தேன். இன்னிக்கு அந்த ஏழு அரியரும் உம் புள்ளைக்கு லாபமா வந்து நிக்குது. பட்டம் வாங்காத பரம்பரைன்னு தாசில்தார் கையெழுத்தே போட்டுத் தர்றாரு. பொத்தி வச்சுக்க.

ஆனா ஒரு கணக்குல மட்டும் நீ வசமா கோட்டை விட்ட மாப்ள. ஆம்பளப் புள்ளன்னு சொல்லி இவன அஞ்சாம் வகுப்போட நம்மூரு பள்ளிக்கூடத்துலேருந்து பிடுங்கி, மேக்க எங்கயோ விடுதிப் பள்ளியில கொண்டுபோயி அடைச்சே. சின்னவ பொம்பளப் புள்ளதானேன்னு நம்ம அரசுப் பள்ளியிலயே விட்டே. இப்ப என்னாச்சு? ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவத்துல 2020லேருந்து 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம்னு எல்லாத்துக்கும் 2021லேருந்து. அதுல சேந்தா கட்டணத்தையும் அரசாங்கமே கட்டுது. அதுக்கு மேல புதுமைப் பெண் திட்டம்னு மாசம் 1000 ரூவா வேற அவ கணக்குல விழும். பாசம் வச்ச புள்ளைக்கு மூணு மா போகப் பாக்குது, விட்டுப்போட்ட புள்ளைக்கு ராசயோகம். சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, நல்ல பள்ளிக்கூடத்துல சேக்கறேன்னு இடையில புகுந்து எதுவும் பண்ணிடாத, அவளுக்காவது கொஞ்சம் அக்கறையில்லாத அப்பனா இரு.

அடுத்து கவுன்சிலிங்குல போடற விருப்பப் பட்டியல். 2018லேருந்து எல்லாம் இணையத்துலதான், கிண்டிக்குப் போக வேண்டியதில்ல. உக்காந்த எடத்துலேருந்தே தப்பு பண்ணலாம். எத்தனை காலேஜ் வேணாலும் வரிசையா போடலாம், ஒம் பையன் நூறு கூடப் போடட்டும். நம்ம கடைத்தெருவுல ஒரு புத்திசாலி, கெடைக்கிற மாதிரி காலேஜ மொதல்ல போடுங்க, பெரிய காலேஜ மேல போட்டா இருக்கிறதும் போயிடும்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். அவன் பேச்சக் கேட்டு ஏற்கெனவே ஒரு தெருவே கெட்டுச்சு. பந்தியில உக்காந்து மொதல்ல பாயசம் கேட்டா, இல்லன்னா இல்லம்பான், அதுக்காக சோத்த நிறுத்திடுவானா? மேலேருந்து ஒவ்வொண்ணா பாத்து, இவன் தரவரிசைக்கு எது மொதல்ல கெடைக்குதோ அதத்தான் ஒதுக்கறான். அதனால எது நெசமாலுமே வேணுமோ அத மேல போடு. எது எந்தக் காலத்துலயும் வேணாமோ, அதக் கடைசியிலகூடப் போடாத. நூறாவது எடத்துல கெடக்கட்டும்னு போட்ட காலேஜ்தான் ஓடி வந்து மடியில உக்காரும்.

எடம் ஒதுக்கினதும் பதிலு கேப்பான், அதுக்கு ரெண்டு மூணு நாள்தான் தவணை. அந்தப் பதிலுங்கதான் வேடிக்கை. பொண்ணு புடிச்சிருக்கு, தாலி கட்டிடறேன்னு ஒண்ணு. பொண்ணு புடிச்சிருக்கு, ஆனா இதவிட நல்ல வரன் வந்தா அதக் கட்டிக்கறேன், வரலன்னா இதையே கட்டிக்கறேன்னு ஒண்ணு. இந்தப் பொண்ணு வேணாம், பட்டியல்ல மேல இருக்கறதுல ஒண்ணு வந்தா பாக்கறேன்னு இன்னொண்ணு. நம்ம தெருவுல எவனாவது இந்த மாதிரி பொண்ணு வீட்டுல பதில் சொன்னா உசுரோட திரும்ப முடியுமா? அரசாங்கமே இதையெல்லாம் எழுதி வச்சு, இதுல ஒண்ணத் தொடுங்கறான். ரெண்டாவது பதிலு நமக்குன்னே செஞ்சது. ஆனா தேதிய விட்டுட்டா முகூர்த்தம் தாண்டின கதைதான், மண்டபம் அடுத்தவனுக்கு.

அதுசரி, பதிவு பண்றப்ப எந்த போன் நம்பரக் குடுத்தீங்க? என்னது, கார்ல வந்தவரே எல்லாம் பாத்துக்கறேன்னாரா? பாஸ்வேர்டும் அவருகிட்டயா? பலே. நாளைக்கு அவரு நம்ம பட்டா, சிட்டா, பத்திரம் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கறேன்னு சொன்னா அதையும் குடுத்துட்டு வா. ஓடிபி அவரு போனுக்குப் போகும், பட்டியல அவரே போடுவாரு, நூறு வரியிலயும் ஒரே காலேஜ் பேரு இருக்கும். போடா, இன்னிக்கே டவுன்ல உதவி மையத்துக்குப் போயி நம்பர மாத்து. அசல் சான்றிதழ வேற குடுத்துட்டியா? இல்லியா? பெரிய மனுசன்டா நீ. அசல புடிச்சு வச்சுக்க எந்தக் காலேஜுக்கும் அனுமதி கெடையாதுன்னு ஏஐசிடிஇ சொல்லிக்கிட்டேதான் இருக்கு. ஆனா பீரோவுக்குள்ள போன காயிதத்த வெளிய எடுக்க நாலு நட நடந்தவனுக்குத்தான் அந்தச் சொல்லோட எடை தெரியும்.

டேய் பேராண்டி, இஞ்ச வாடா. என்ன முணுமுணுக்கற? ராமானுஜனே பெயிலுதான்னா? இந்தா, வந்துட்டான் பாரு, ராமானுஜன் இருந்த சாரங்கபாணி சன்னதித் தெருவோட வாரிசு. கேட்டுக்க. அவரு 1904ல நம்ம கும்பகோணம் அரசு காலேஜ்ல சேந்தப்ப உதவித்தொகையோட சேந்தாரு. கணக்கத் தவிர மத்ததத் திரும்பிப் பாக்கல, உதவித்தொகை போச்சு. அப்புறம் மெட்ராஸ்ல பச்சையப்பன் காலேஜ்ல போயிப் பாத்தாரு, அங்கயும் எஃப்.ஏ. தேறல. 1918ல லண்டன் ராயல் சொசைட்டி அவரத் தேடிப் புடிச்சு உறுப்பினராக்குச்சு. இன்னிக்கு அவரு வந்து நின்னாலும் கணக்குல நூறு எடுத்துட்டு மத்தத விட்டிருப்பாரு, ஒத்தச் சாளரக் கவுன்சிலிங்குல எட்டிப் பாத்தா ஒரு சிவில் சீட்டு கெடைச்சிருக்காது. நெசந்தான். ஆனா பாரு, இந்த ஊர்ல முக்காவாசிப் பேரு அவரு பெயிலான பாதியில அவர மாதிரியே இருக்காங்க. மிச்சப் பாதிக்குத்தான் ஆளு கெடைக்க மாட்டேங்குது. நீ 88 எடுத்திருக்க, பெயிலும் ஆகல. உனக்கும் அவருக்கும் எந்த ஒறவும் இல்ல, நிம்மதியா இரு.

சரி, நீ என்ன படிக்கணும்ங்கற? கம்ப்யூட்டர் சயின்ஸா? ஏன்? கூட்டாளிங்க நாலு பேரும் அதுதானா. நல்ல காரணம். நாங்களும் அப்படித்தான், நாலு பேரு போட்டான்னு ஒரு வருஷம் ஊரே வெத்தலைக் கொடி போட்டோம். அந்த வருஷம் வெத்தலைய மாடு தின்னுச்சு.

அவன மொறைக்காத மாப்ள, புள்ளைக்கு இப்பத் தெரியலன்னா ஒண்ணும் குடி முழுகல. ஏடிடி 43 நூத்திப்பத்து நாள்ல அறுவடைக்கு வரும். சிஆர் 1009க்கு நூத்தம்பத்தஞ்சு நாளுக்கு மேல ஆவும். நூத்திப்பத்தாம் நாளு சிஆர் வயல்ல நின்னுக்கிட்டு, பக்கத்து வயல் அறுத்தாச்சே, நீ ஏன் இன்னும் பச்சையா நிக்கறேன்னு நெல்லத் திட்டினவன் உண்டா? புள்ளைங்ககிட்ட மட்டும் திட்டறோம். இன்ஜினியரிங்தான்னு எந்தச் சாமி சொல்லுச்சு? அரசு கலைக் கல்லூரிக்கும் இணையத்துலயே ஒரு விண்ணப்பம் போட்டு வை. 1854ல பள்ளிக்கூடமா தொடங்கி, தென்னிந்தியாவோட கேம்பிரிட்ஜ்னு பேரெடுத்த எடம். நீ ஏழு அரியர் வச்சதால அது மட்டமாயிடாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒண்ணு போடு. ஐயய்யோ, மண்வெட்டிதானா மறுபடியும்னு அலறுறியா? மண்வெட்டியப் புடிச்ச நாம அலறுறோம், மண்ணையே மிதிக்காத டவுன் புள்ளைங்க அந்த சீட்டுக்கு வரிசையில நிக்குது.

பணத்துக்கு? மூணு மாவ விக்காத. அச்சாரத்தத் திருப்பிக் குடு. கல்விக் கடன் 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமத்தான் தரணும், படிப்பு முடியற வரைக்கும் தவணை இல்ல. மேனேஜர் நாளைக்கு வாங்கன்னு ஒம்போது தடவ சொல்லுவாரு. பத்தாவது தடவயும் போ. பயிர்க் கடனுக்கு அலைஞ்ச காலுதானே.

போதும், எழுந்திரு. வந்ததே வந்தீங்க, ரெண்டு பேரும் ஒரு கை குடுங்க. பன்னெண்டாந் தேதி மேட்டூரத் தொறந்தா நாலு நாள்ல கல்லணை, அதுக்கு முன்ன நாத்தங்கால் தயாரா இருக்கணும். விதைநெல்லு உள்ள மூட்டையில இருக்கு, எடுத்தா. பேராண்டி, நீ அண்டாவுல தண்ணி ரொப்பு, கல்லுப்பக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கு. பாட்டிகிட்ட ஒரு கோழி முட்டை வாங்கிட்டு வா. தின்னறதுக்கில்லடா. முட்டைய உப்புத் தண்ணியில விடணும், மொதல்ல அடியில கெடக்கும். உப்பு ஏற ஏற மேல வரும். மேல வந்து நாலணா அளவு வெளிய தெரியறப்ப கை நிறுத்து. அப்புறந்தான் நெல்லக் கொட்டணும். மேல மினுக்கிக்கிட்டு மிதக்கறதெல்லாம் பதரு, முறத்தால அள்ளிக் கோழிக்குப் போட்டுடு. அடியில போறதத்தான் எடுத்து நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசணும், உப்பு இருந்தா மொளைக்காது.

அந்தக் கலர் புஸ்தகத்த ஏன் மாப்ள பையில திருப்பி வைக்கற? வழவழன்னு நல்ல காயிதம், அண்டாவ மூடறதுக்கு ஆவும், இஞ்ச குடு.

என்னடா பேராண்டி முழிக்கற? நாலணா எம்புட்டுப் பெருசுன்னா? அட ஆமா, 2011லயே செல்லாதுன்னுட்டான், நீ எங்க பாத்திருப்ப. அந்தப் போனுல தேடாத. உள்ள போயி பாட்டி சுருக்குப்பையக் கேளு, அடியில ஒண்ணு கெடக்கும்.